மண்டபத்தில் எடுபடுவது பேப்பர் வித்தையா, நோட்டு வித்தையா?

கேள்வி, ஏப்ரல் 11
(தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

அண்ணா, மே மாசம் எங்க அக்கா பையனுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் அரை மணி நேரம் மேஜிக் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரைக் கிழிப்பது, மடிப்பது எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பெரியவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பற்ற வைத்துத் திரும்ப முழுசாக எடுத்துக் காட்டணும் என்பது என் கட்சி. நோட்டை எரித்தால் கேஸ் கீஸ் வருமா? சொல்லுங்க.

ஏப்ரல் 11, இரவு

நான் எதிர்க்கட்சி.

முதலில் கேஸ் விஷயம். நாணயத்தை உருக்கினால், வெட்டினால் 2011 நாணயச் சட்டத்தில் தண்டனையே இருக்கிறது. நோட்டுக்கு வருகிற சிக்கல் வங்கியில். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டு கிழிந்தால், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழுப் பணம். 40 முதல் 80 வரை என்றால் பாதி. அதற்கும் கீழே போனால் வெறும் கைதான். 20 ரூபாய் வரைக்கும் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுசாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வேண்டுமென்றே கிழித்தது என்று தெரிந்தால் மாற்றித் தர மறுக்கலாம். மேடையில் செய்து, அதை நாலு பேர் செல்லில் வீடியோவும் எடுத்தபிறகு 'தெரியாமல் கிழிந்துவிட்டது' என்று எந்த வங்கியில் போய்ச் சொல்வீர்கள்?

பற்ற வைக்கிற வித்தையின் சூட்சுமம் ஊருக்கே தெரிந்ததுதான். பாதி ஸ்பிரிட், பாதி தண்ணீர், சுடர் மஞ்சளாகத் தெரிய ஒரு சிட்டிகை உப்பு. நோட்டை முக்கி எடுத்துப் பற்ற வைத்தால் ஸ்பிரிட் எரியும், நோட்டில் ஊறிய தண்ணீர் நோட்டைக் காப்பாற்றும். கலவையில் தண்ணீர் குறைந்தால் நோட்டும் போகும். மண்டபம் முழுக்கப் பட்டுச்சேலை, மேலே ஜிகினாத் தோரணம், காலுக்கடியில் குழந்தைகள். வேண்டாம் தம்பி.

நான் ஈரோட்டிலிருந்து அரச்சலூர், காங்கயம் வழியாகத் தாராபுரம் போகிற லைனில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று ஒவ்வொரு விரலிடுக்கிலும் நீளவாக்கில் மடித்த நோட்டு. கண்ணால் பார்க்காமலே எது எது என்று கை சொல்லும். வித்தை பழகியது அதற்குப் பிறகுதான். ஆக, நோட்டைப் பற்றி வாய்ச்சவடால் விடவில்லை.

ஏப்ரல் 12, காலை

பேப்பர் வித்தைக்குப் பெரியவர்கள் திரும்ப மாட்டார்கள் என்றீர்களே, பேப்பர் மரம் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்.

பழைய தினசரித் தாள் ஐந்தாறு போதும். நடு மடிப்பில் பிரித்துத் தனித்தனிப் பக்கமாக்கிக்கொள்ளுங்கள். முதல் தாளைச் சுருட்டிக்கொண்டே வந்து, நாலு விரல்கடை மிச்சம் இருக்கும்போது அடுத்த தாளை அதில் செருகித் தொடர்ந்து சுருட்டவேண்டும். குழல் ரொம்ப இறுகக் கூடாது, உள்ளே பெருவிரல் போகணும். அடிப்பக்கம் ரப்பர் பேண்ட். மேல்முனையிலிருந்து நடு வரைக்கும் நாலு இடத்தில் கிழித்து, கிழிந்த பட்டைகளை வெளியே மடித்துத் தொங்க விடுங்கள். உள்ளே கையை விட்டு நடுச்சுற்றுப் பட்டையைப் பிடித்து, திருகினாற்போல் மெல்ல மேலே இழுத்தால் தென்னம்பிள்ளை மாதிரி ஓலை விட்டுக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பும்.

இதில் ஒரே ஒரு நுணுக்கம் தாளின் திசை. காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. தினசரித் தாள் மேலிருந்து கீழே கிழித்தால் கோடு போட்டது போல நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் பல் பல்லாகக் கோணிக்கொண்டு போகும். சந்தேகமாக இருந்தால் இப்போதே ஒரு தாளை எடுத்துக் கிழித்துப் பாருங்கள். பக்கத்தின் உயரம் குழலின் உயரமாக வருகிற மாதிரி சுருட்டினால் மேடையில் மானம் போகாது.

நம்ம பக்கம் காகிதத்துக்குப் பஞ்சமா? கரூர் பக்கம் காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையில் காகிதம் ஓட்டுகிறார்கள். ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையத்தில் இன்னொரு ஆலை. அதன் வாசம் பஸ் பாலத்தில் ஏறும்போதே வரும், தூங்குகிற பயணிகள்கூட எழுந்துகொள்வார்கள்.

ஏப்ரல் 12, மதியம்

"கிழித்த பேப்பரை யார் கூட்டுவது?" என்று கோபியிலிருந்து ஒருத்தர் கேட்கிறார். வித்தைக்காரன்தான். மண்டபக்காரரிடம் திட்டு வாங்காமல் இறங்குவதும் வித்தையில் சேர்த்தி.

ஏப்ரல் 14

சித்திரைக்கனி. கோவை காட்டூர் முத்துமாரியம்மனுக்கு வருஷா வருஷம் இன்றைக்குத்தான் ரூபாய் நோட்டிலேயே அலங்காரம். சுவரெல்லாம் நோட்டு, கூரையெல்லாம் நோட்டு. அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது தாராபுரத்துத் தம்பியின் கட்சிக்கு ஒரு ஓட்டு விழுந்தது என்றே சொல்லவேண்டும். நோட்டில் மாலை கட்டாதீர்கள், பந்தல் ஜோடிக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறது. அம்மன் காதில் இன்னும் விழவில்லை.

ஏப்ரல் 15

பேப்பர் பக்கம் இன்னும் இரண்டு சொல்லாமல் விட்டால் என் கட்சிக்குத் துரோகம்.

டிக்கெட் மிஷின் ரோலில் கொஞ்சம் நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கடையில் பில் அடிக்கிற ரோலும் அதேதான். இரண்டு முனையையும் அப்படியே ஒட்டினால் சாதாரண வளையம். நடுவாக நெடுக வெட்டினால் இரண்டு வளையம், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இன்னொரு நாடாவை ஒட்டும்போது ஒரு முனையை அரைத் திருகு திருகி ஒட்டிவிட்டு வெட்டினால் இரண்டாகாது, இரு மடங்கு நீளத்தில் ஒரே வளையமாக விழும். முழுத் திருகு திருகி ஒட்டியிருந்தால் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையம். மூன்றையும் மூன்று பிள்ளைகள் கையில் கொடுத்து, ஆளுக்கொரு கத்தரிக்கோலும் கொடுத்து "யாருக்கு முதலில் இரண்டு வளையம் வருகிறது பார்ப்போம்" என்று விட்டுவிடுங்கள். நீங்கள் தொடவே வேண்டாம். அரைத் திருகு நாடாவை 1858-ல் மோபியஸ், லிஸ்டிங் என்று இரண்டு ஜெர்மன் கணக்கு மேதைகள் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். மேடைக்காரர்கள் அதற்கு ஆப்கான் பட்டை என்று பெயர் வைத்துப் பிழைப்பைப் பார்த்தார்கள்.

அதே ரோலில் இன்னொன்று. அது சூடு பட்டால் கறுக்கிற காகிதம், மிஷினுக்குள் மையே கிடையாது. கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றின எவர்சில்வர் டம்ளரில் வெள்ளைத் துண்டை ஒட்டிப் பிடித்தால் கறுத்துவிடும். மேல்பக்கத்தை நகத்தால் வேகமாகத் தேய்த்தாலும் கோடு விழும். காங்கயம் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு ஜோசியம் சொல்லியிருக்கிறேன், இந்த நகக்கோட்டை வைத்து.

ஏப்ரல் 17

காட்டூர் கூட்டம் மனசை விட்டுப் போகவில்லை. தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சொல்கிற காரணத்தால் அல்ல.

பஸ்ஸில் ஒருத்தர் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறை நீட்டுவார். சில்லறை இருக்காது. டிக்கெட்டின் பின்னால் 'பாக்கி 488' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவேன். அதற்கப்புறம் அவர் ஜன்னலைப் பார்க்க மாட்டார், செல்லைப் பார்க்க மாட்டார், என் இடது கையையே பார்த்துக்கொண்டு வருவார். அரச்சலூரில் பார்ப்பார், மலைக்கோயிலைத் தாண்டும்போது பார்ப்பார். நான் படிக்கட்டில் தொங்கினால் அவர் கழுத்தும் வெளியே வரும். அவர் நோட்டு என்னிடம் இருக்கிறது. அவரிடம் இருப்பது என் கிறுக்கல்.

நோட்டு வித்தைக்குப் பலம் எங்கே என்றால் அங்கேதான். ஐந்நூறு என்ற எண்ணில் இல்லை, காசு இன்னொருத்தருடையது என்பதில் இருக்கிறது. உங்கள் பையிலிருந்து ஐந்நூறை எடுத்து எரித்தால் 'டூப்ளிகேட்டா இருக்கும்' என்று பந்திக்குப் போய்விடுவார்கள். பெரிய மாமனிடம் ஒரு இருபது ரூபாய் வாங்கி மடித்தால் மாமன் மட்டுமல்ல, மாமன் வீட்டு ஒரம்பரை மொத்தமும் நாற்காலி நுனிக்கு வந்துவிடும். எனவே என் தீர்ப்பு மாறுகிறது: முழு நேரமும் பேப்பர், நடுவில் இரவல் நோட்டில் ஒன்றோ இரண்டோ.

இரவல் வாங்கும்போது நம்பரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இப்போதைய நோட்டில் முன்னால் வரும் எண்ணும் எழுத்துமான மூன்றும் ஒரே அளவு, அதற்கப்புறம் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெருத்துக்கொண்டே போகும். பலர் அதைக் கவனித்ததே இல்லை. படிக்கிறவர் 'அட, ஆமாங்க' என்பார். வித்தை தொடங்குவதற்கு முன்பே ஒரு கைதட்டல்.

ஏப்ரல் 18

"அப்படியானால் எந்த இரண்டு? கிழிக்காமல், எரிக்காமல் சொல்லுங்க." சரி.

ஒன்று, காந்தியைத் தலைகீழாக்குவது. காந்தி படம் உங்களைப் பார்த்தபடி நிமிர்ந்து இருக்கட்டும். மேல்பாதியை உங்கள் பக்கமாகக் கீழே மடியுங்கள். வலப்பாதியை உங்கள் பக்கமாக இடப்பாதியின் மேல் மடியுங்கள். இப்போது திறக்கும்போதுதான் சங்கதி: முன்னால் இருப்பதைத் தொடாமல், பின்னால் இருக்கிற பாதியை வலப்பக்கமாகத் திறக்கணும். கடைசியில் முன் மடலை மேலே தூக்கினால் காந்தி தலைகீழ். கையில் ஒளித்தது எதுவும் கிடையாது. பார்க்கிறவர் தன் நோட்டிலேயே செய்து பார்ப்பார், மடித்தபடியே திறப்பார், காந்தி அசைய மாட்டார். இதைச் செய்யும்போது வாயும் வேலை செய்யணும், சும்மா மடித்துக்கொண்டிருந்தால் பொட்டலம் கட்டுகிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு, ஜெம் கிளிப். நோட்டை எஸ் மாதிரி மூன்றாக வளைத்து, முன்னிரண்டு அடுக்கை ஒரு கிளிப்பிலும் பின்னிரண்டு அடுக்கை இன்னொரு கிளிப்பிலும் பிடித்து, இரண்டு முனையையும் வெடுக்கென்று இழுத்தால் கிளிப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துள்ளும். இதற்குக் கொஞ்சம் புது நோட்டாக இருக்கணும். பஸ்ஸில் புழங்கின பத்து ரூபாய் நோட்டில் விறைப்பே இருக்காது, கந்தல் துணிதான். நோட்டு பருத்தியில் செய்வது, ஆகவே துணி என்று சொன்னாலும் பொய்யில்லை.

மடக்கி உள்ளங்கையில் ஒளிக்கிற வேலைக்கு நேர்மாறாக அந்தக் கந்தல்தான் உத்தமம். புது நோட்டு மொடமொடவென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஏப்ரல் 20

பெருந்துறையிலிருந்து ஒருத்தர்: "வெள்ளைத் தாளை மிஷினில் விட்டால் நோட்டாக வருமே, அது எங்கே கிடைக்கும்?"

எங்கே கிடைக்கும் என்பது இருக்கட்டும், எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். இரண்டு உருளை, நடுவில் ஒரு துணிப்பட்டை ஒன்றைச் சுற்றி இன்னொன்றுக்குப் போகிறது. நிஜ நோட்டுகளை முன்னாலேயே ஒரு பக்கம் பட்டையோடு சுருட்டி வைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் வெள்ளைத் தாளை விட்டுச் சுற்றினால் அது அடுத்த உருளையில் சுருண்டுகொள்ளும், அந்தப் பக்கம் நோட்டு அவிழ்ந்து வெளியே வரும். தறிப்பட்டறையில் பாவு சுற்றுகிறவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம்.

பிள்ளைகள் முன்னால் அழகான பொம்மை. ஆனால் நம்ம பக்கத்து மண்டபத்தில் நான் இதைச் செய்ய மாட்டேன். 'ஒன்றுக்கு இரண்டு' என்று சொல்லிக்கொண்டு இதே பெட்டியோடு வீடு வீடாகப் போனவர்கள் உண்டு. எங்கள் உறவிலேயே ஒருத்தர் மாடு விற்ற காசைக் கொடுத்துவிட்டு ஒரு கட்டுக் கறுப்புத் தாளை அட்டாலியில் வைத்துக் காத்திருந்தார். அந்தக் கறுப்புத் தாள் கதையும் மேஜிக்தான்: ஒரு நிஜ நோட்டில் பசை தடவி டிங்சர் அயோடினில் முக்கிக் காயவைத்தால் கறுத்துவிடும். வைட்டமின் சி மாத்திரை கரைத்த தண்ணீரில் போட்டால் கறுப்பு போய் நோட்டு வெளியே வரும். கட்டில் மீதி எல்லாம் வெறும் கறுப்புத் தாள். ஆளே ஒன்றை உருவிக் கொடுத்தாலும் கழுவுகிற நேரத்தில் கை மாற்றிவிடுவார்கள். கை மாற்றுவது நாம் செய்கிறதுதான். நாம் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்குகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோவை போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த் ஊர் ஊராகப் போய் இதைத்தான் செய்தார். 1930-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர், 2009-ல் போத்தனூரில் காலமானார். சாமியார்கள் செய்கிற விபூதி, தீ, நாக்கில் வேல் எல்லாவற்றையும் மேடையில் செய்துகாட்டி, அடுத்த நிமிஷமே எப்படி என்று அவிழ்த்துவிடுவார். வித்தைக்காரர்கள் ரகசியத்தைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களுக்கு அவர் பெயரைத்தான் சொல்வேன். ஆனாலும் மண்டபத்தில் எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லவில்லை. காதுகுத்துக்கு வந்தவர்கள் விருந்து சாப்பிட வந்தவர்கள்.

ஏப்ரல் 20, இரவு

இன்னொன்று விட்டுப்போயிற்று. நோட்டை மாற்றிக்காட்டும் வித்தைக்குக் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. நோட்டுப் போலவே தெரிகிற தாளை அச்சடிப்பதே குற்றம். விளையாட்டு நோட்டில் இருப்பது போல மேலே 'சில்ட்ரன் பேங்க்' என்று எழுதிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள்.

ஏப்ரல் 23

நோட்டு மாற்றுவது என்றதும் அளவு பற்றி ஒரு பேச்சு. பழைய ஐந்நூறு 167 மில்லிமீட்டர் நீளம், 73 அகலம். பத்தையும் அதையும் சேர்த்து மடித்தால் உள்ளங்கை உப்பிக்கொள்ளும். இப்போது 50 முதல் 500 வரை எல்லாம் 66 அகலம். நூறு 142, இருநூறு 146. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஊதா போய் மஞ்சள் வருகிறது என்றால் வித்தைக்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? ரிசர்வ் வங்கி நமக்காகவே அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

"2016 நவம்பர் 8 ராத்திரி பார்த்ததைவிடப் பெரிய நோட்டு வித்தை உண்டா அண்ணா?" என்று திருப்பூரிலிருந்து ஒரு குரல். அதில் திருப்பித் தருகிற கட்டத்துக்கு ரொம்ப நேரம் வரிசையில் நின்றோமே, அதனால் மார்க் குறைத்துவிடுகிறேன்.

ஏப்ரல் 26

கண்ணபுரம் மாட்டுச்சந்தை நேரம் என்பதால் வித்தையை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்க அப்பிச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா) மாட்டுத் தரகர். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்கிறவர்கள் துண்டையே பார்ப்பார்கள். அப்பிச்சி மட்டும் எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். வித்தைக்காரனும் துணியைப் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் பழகும்போது செய்கிற முதல் கோளாறு, நோட்டை ஒளித்த கையைத் தாங்களே பார்ப்பது.

ஏப்ரல் 29

தம்பி கடைசியாகக் கேட்டது: "முடிவாக இரவல் நோட்டு எங்கிருந்தாவது வெளியே வரணும். எலுமிச்சம்பழமா, மொய்க் கவரா?"

எலுமிச்சை. அமெரிக்காவில் எமில் ஜாரோ என்ற மேடைக்காரருக்குப் பேரே இந்த எலுமிச்சை வித்தையால்தான். காம்புப் பக்கம் பென்சில் அளவுக்கு முன்னாலேயே வழி செய்து, சுருட்டின நோட்டை ஏற்றிவிட்டு, குறுக்கே சுற்றி வெட்டித் திருகினால் நோட்டு ஈட்டி மாதிரி நிற்கும். எந்த நோட்டு உள்ளே போகிறது, நம்பர் எப்படி ஒத்துப்போகிறது என்பதை உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், இங்கே எழுத மாட்டேன். ஈர நோட்டைப் பெரிய மாமனிடமே கொடுங்கள். அவர் அதைக் கோயில் உண்டியலில் போடுவார், பாருங்கள்.

மொய்க் கவர் வேண்டவே வேண்டாம். கவர் மாறியது, காசு குறைந்தது என்று பேச்சு கிளம்பினால் அடுத்த தலைமுறை வரை தீராது.

பொள்ளாச்சி அம்மணி ஒருத்தர் "எலுமிச்சை எதுக்குங்க, எங்க ஊரில் தேங்காய் கிடைக்கிறதே" என்கிறார். கேட்கவே நன்றாக இருக்கிறது. மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும், அதன் வழியாகச் சுருட்டின நோட்டை விடலாம். பொள்ளாச்சியில் எடுபடலாம். ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கத்துச் சனங்களிடம் வேகாது. ஆடி 1-க்குத் தேங்காய்க் கண்ணைக் குடைந்து பொட்டுக்கடலையும் வெல்லமும் எள்ளும் அடைத்து, குச்சியில் குத்திச் சுட்டு வளர்ந்தவர்கள். தேங்காயைக் கையில் கொடுத்ததும் முதல் வேலையாகக் கண்ணைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள்.